ரூம் வாசலுக்கு ஒரு லைட்டு போர்டு: எரிய வைக்கறது ஈஸி, அணைக்கறதுதான் வேலை

(எபிசோட்டின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். ‘ஆக்சுவலி’க்களில் பாதியை வெட்டிவிட்டோம்.)

இன்னைக்கு ஒரு சின்னப் பொருளைப் பத்திப் பேசப் போறோம். வீட்டுல இருந்து வேலை பாக்கறவங்க ரூம் வாசல்ல மாட்டற லைட்டு போர்டு. உள்ள மீட்டிங் ஓடினா எரியும், முடிஞ்சா அணையும். ரேடியோ ஸ்டேஷன் வாசல்லயும் டப்பிங் தியேட்டர் வாசல்லயும் சிவப்பா எரியுமே, அதோட குட்டித் தங்கச்சின்னு வச்சுக்கங்க. இதைச் செய்ய எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போதுமா இருந்துச்சு. சரியாச் செய்ய எட்டு மாசம் ஆச்சு. அந்த எட்டு மாசக் கதைதான் இது.

முதல்ல, எதுக்கு இது? 2017 மார்ச்ல பிபிசி-ல ராபர்ட் கெல்லின்னு ஒரு பேராசிரியர் தென்கொரியாவுல தன் வீட்டுல இருந்து நேரலையில பேசிட்டிருந்தார். பின்னாடி கதவைத் திறந்துகிட்டு அவர் பொண்ணு ஆடிக்கிட்டே வந்தா, அடுத்து நடைவண்டியில குட்டிப் பையன், அதுக்கப்புறம் ரெண்டு பேரையும் இழுத்துட்டுப் போக வழுக்கிக்கிட்டு ஓடி வந்த மனைவி. உலகமே சிரிச்சுது. அப்போ அது ஒரு அபூர்வமான காமெடி. 2020-க்கு அப்புறம் நம்ம எல்லார் வீட்டுலயும் அது செவ்வாய்க்கிழமை.

நாங்க இருக்கறது மடிப்பாக்கத்துல ரெண்டு பெட்ரூம் ஃபிளாட். அம்மா, பாட்டி, நான். அம்மா காலையில வேலைக்குப் போயிடுவாங்க. பகல் முழுக்க நானும் பாட்டியும்தான். பாட்டிக்கு வயசு 78, சுகர் இருக்கு, இன்சுலின் போட்டுக்கறாங்க. ரூமை உள்பக்கம் தாழ்ப்பாள் போடற பழக்கம் எங்க வீட்டுல இல்ல. அதனால கதவுல ‘மீட்டிங்’னு ஒரு பேப்பர் ஒட்டிப் பாத்தேன். மூணு நாள் மதிச்சாங்க. நாலாவது நாள்ல இருந்து அது கதவோட பெயின்ட் மாதிரி ஆயிடுச்சு. எப்பவும் ஒரே மாதிரி இருக்கற எதையும் கண்ணு பாக்காது. மாறினாத்தான் அது சேதி. அதுக்குத்தான் லைட்டு.

சரி, செய்முறை. பார்வைக்கு அழகான பகுதியில இருந்து ஆரம்பிக்கறேன்.

நடுவுல ஒரு கண்ணாடி மாதிரி அக்ரிலிக் ஷீட், 5 மில்லிமீட்டர் தடிமன். அதுல லேசர்ல எழுத்து செதுக்கியிருக்கும். கீழ் விளிம்புல எல்.இ.டி. ஸ்ட்ரிப். லைட்டு போட்டா ஷீட் வெறுமையா இருக்கும், எழுத்து மட்டும் அந்தரத்துல எரியற மாதிரி தெரியும். இதுல மாயம் ஒண்ணும் இல்ல, பள்ளிக்கூடத்துல படிச்ச முழு அக எதிரொளிப்புதான். விளிம்பு வழியா உள்ள போற ஒளி, முன்பக்கமும் பின்பக்கமும் ரொம்பச் சாய்வா போய் மோதுது. அக்ரிலிக்கோட ஒளிவிலகல் எண் 1.49. அதுக்கு மாறுநிலைக் கோணம் சுமார் 42 டிகிரி. அதை விடச் சாய்வா மோதற ஒளி வெளிய வர முடியாம உள்ளயே எதிரொளிச்சு எதிரொளிச்சுப் போகும். எங்க கீறல் இருக்கோ, அங்க மட்டும் வழி தவறி வெளிய சிந்தும். நம்ம எழுத்துங்கறது அந்தக் கீறல்தான்.

ஒரு டிப்ஸ்: எழுத்தைக் கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பி, பின்பக்கம் செதுக்கச் சொல்லுங்க. முன்பக்கம் வழவழன்னு இருக்கும், துணியால துடைக்கலாம், கீறல்ல தூசி சேராது.

இப்போ என் முதல் அசட்டுத்தனம். முதல் போர்டுல ‘ஆன் ஏர்’னு இங்கிலீஷ்ல செதுக்கினேன். ஸ்டைலா இருந்துச்சு. யாருக்காக மாட்டறேனோ, அந்தப் பாட்டிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. “என்னடி எழுதியிருக்கு?”ன்னு கேட்டாங்க. சொன்னேன். “வீட்டுல யாருடி ரேடியோ வச்சிருக்கா?”ன்னாங்க. சரி, தமிழ்ல என்ன போடலாம்னு அவங்களையே கேட்டேன். ‘உள்ளே வராதே’ன்னா சண்டை போட்ட மாதிரி இருக்குன்னுட்டாங்க. ‘கூட்டம் நடைபெறுகிறது’ன்னா கட்சி ஆபீஸ். கடைசியில அவங்க வாயில வந்ததுதான் போர்டு: ‘பேசிட்டிருக்கா’.

அதைச் செதுக்கக் கொண்டுபோனா, கடையில இருந்த கம்ப்யூட்டர்ல ‘பே’ உடைஞ்சு கொம்பு ஒரு பக்கம், ‘ப’ ஒரு பக்கமா நிக்குது. ஸ்டிக்கர் கடை, போர்டு கடைகள்ல பழைய தமிழ் ஃபான்ட் பழக்கம் இன்னும் இருக்கு. யூனிகோட்ல டைப் பண்ணினதை ஒட்டினா சில சாஃப்ட்வேர் இப்படிக் குழம்பும். அதனால எழுத்தா கொடுக்காதீங்க. வீட்டுலயே எழுத்தை வெறும் கோட்டு வடிவமா மாத்தி, படமா கொடுத்துடுங்க. ஃபான்ட் கொஞ்சம் தடிமனா இருக்கட்டும். மெல்லிசான சுழியெல்லாம் தூரத்துல இருந்து பாத்தா வெறும் புள்ளி.

அடுத்து எலக்ட்ரானிக்ஸ். அண்ணா சாலைக்குப் பக்கத்துல ரிச்சி தெருவுல எல்லாமே கிடைக்கும். வை-ஃபை உள்ள நோட்எம்சியு போர்டு ஒண்ணு, அதுக்குள்ள இருக்கற சிப் பேரு இஎஸ்பி8266. டபிள்யூஎஸ்2812பி எல்.இ.டி. ஸ்ட்ரிப்ல 12 எல்.இ.டி. அளவுக்கு ஒரு துண்டு. 5 வோல்ட் சார்ஜர் ஒண்ணு. முழு வெள்ளையில ஒரு எல்.இ.டி. அதிகபட்சம் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும்னு கணக்கு வச்சுக்கங்க. 12-க்கு 720. சிவப்பு மட்டும் எரிஞ்சா அதுல மூணுல ஒரு பங்கு, 240. பழைய போன் சார்ஜர் தாராளமா தாங்கும். டேட்டா ஒயர்ல 330 ஓம் ரெசிஸ்டர், பவர் ஒயர் ரெண்டுக்கும் நடுவுல 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் போட்டுக்கறது நல்லது.

ரெண்டு இடத்துல எல்லாரும் மாட்டுவாங்க. ஸ்ட்ரிப் மேல குட்டியா அம்புக்குறி இருக்கும், டேட்டா அந்தத் திசையில மட்டும்தான் போகும். நான் திருப்பி சால்டர் பண்ணிட்டு ஒரு முழு சாயங்காலம் கோடைத் திட்டிட்டிருந்தேன். இன்னொண்ணு, இந்த சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை மட்டும்தான் தெரியும். ரூட்டர்ல 5 மட்டும் வச்சிருந்தா ஜென்மத்துக்கும் கனெக்ட் ஆகாது.

போர்டைக் கதவு மேல மாட்டாதீங்க, பக்கத்துச் சுவத்துல மாட்டுங்க. கதவுல மாட்டினா, திறக்கறப்ப மூடறப்ப ஒயர் மடங்கி மடங்கி ஒரு நாள் அத்துடும். வாடகை வீடுன்னா ஆணி அடிக்க வேணாம், ரெண்டு பக்கமும் ஒட்டற டேப் போதும்.

இப்போ முக்கியமான விஷயம். எது இதை எரிய வைக்கும், எது அணைக்கும்?

முதல்ல மேஜையில ஒரு சாதாரண சுவிட்ச் வச்சேன். போட மறக்கவே இல்ல. மீட்டிங் பயத்துல கை தானா போயிடும். அணைக்க தினமும் மறந்தேன். மீட்டிங் முடிஞ்ச நிம்மதியில யாருக்கு சுவிட்ச் ஞாபகம் வரும்? நம்ம சினிமால ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல சிவப்பு லைட்டு எரியும்போது குடும்பம் உக்காந்து அழும். அணைஞ்ச உடனேதான் எல்லாரும் எழுந்திருப்பாங்க, டாக்டர் வெளிய வந்து கண்ணாடியைக் கழட்டுவார். சேதி அணையறதுலதான் இருக்கு. என் போர்டு மட்டும் சாயங்காலம் வரைக்கும் எரிஞ்சுட்டே இருந்துச்சு.

அதனால ஆட்டோமேட்டிக் ஆக்கினேன். விண்டோஸ்ல எந்த ஆப் மைக்கைப் பிடிச்சிருக்குன்னு ரெஜிஸ்ட்ரிலயே குறிப்பு இருக்கும். ‘கன்சென்ட் ஸ்டோர்’ங்கற பகுதியில மைக்ரோஃபோனுக்குக் கீழ ஒவ்வொரு ஆப்புக்கும் ‘லாஸ்ட் யூஸ்ட் டைம் ஸ்டாப்’னு ஒரு எண். அது 0-வா இருந்தா அந்த ஆப் இப்போ மைக்கைப் பயன்படுத்துதுன்னு அர்த்தம். சில நொடிக்கு ஒரு தடவை இதைப் பாக்கற குட்டி பைத்தான் ஸ்க்ரிப்ட் எழுதினேன். மைக் பிடிபட்டா போர்டுக்கு ‘எரி’, விட்டா ‘அணை’ன்னு ஒரு செய்தி. காலண்டரைப் பாத்து எரிய வைக்கலாமேன்னு கேப்பீங்க. எந்த மீட்டிங்யா காலண்டர் சொன்ன நேரத்துக்கு முடிஞ்சிருக்கு? கேமராவைப் பாக்கலாமேன்னா, பாதி மீட்டிங்ல நான் கேமரா போடறதே இல்ல. மைக்தான் நம்பகம். நீங்க மியூட் போட்டிருந்தாலும் பெரும்பாலான ஆப் மைக்கை விடாது.

அஞ்சு மாசம் பிரமாதமா ஓடுச்சு. வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் காட்டினேன். பாட்டி அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டாங்க. எரிஞ்சா ரூம் பக்கமே வர மாட்டாங்க, டிவி சத்தத்தைக் கூடக் குறைச்சுடுவாங்க.

அப்புறம் ஒரு மதியம். கால் நடுவுல கரண்ட் போச்சு. ஃபேனும் போர்டோட சார்ஜரும் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கு, ரூட்டர் இல்ல. வை-ஃபை செத்துப்போச்சு. நான் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி, காலை முடிச்சேன். லேப்டாப் மைக் விட்டதைப் பாத்தது, ‘அணை’ன்னு செய்தியும் அனுப்புச்சு. ஆனா லேப்டாப் இப்போ வேற நெட்வொர்க்ல இருக்கு. செய்தி போய்ச் சேரல. போர்டு கடைசியா கேட்ட வார்த்தை ‘எரி’. எரிஞ்சுட்டே இருந்துச்சு. உள்ள நான் ஹெட்ஃபோன்ல பாட்டு போட்டுக்கிட்டு ஒன்றரை மணி நேரம் எடிட்டிங்ல இருந்தேன்.

தண்ணி குடிக்கலாம்னு கதவைத் திறந்தா, பாட்டி வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்காங்க. முகமெல்லாம் வேர்த்து, கை நடுங்குது. பேச்சு கோர்வையா இல்ல. மதியம் சரியா சாப்பிடல போல. தலை சுத்துதேன்னு, சுகர் பாக்கச் சொல்லலாம்னு வந்திருக்காங்க. மெஷின் என் ரூம்ல இருக்கு, எப்பவும் நான்தான் விரல்ல குத்திப் பாப்பேன். பாத்தேன். 52. 70-க்குக் கீழ போனாலே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்கார். மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடுத்து, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பாத்து, ஏறினதுக்கு அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. (உங்க வீட்டுல இன்சுலின் போடறவங்க இருந்தா இந்தக் கால் மணி நேரக் கணக்கைத் தெரிஞ்சு வச்சுக்கங்க. மயக்கமாயிட்டா வாயில எதையும் ஊத்தக் கூடாது, 108-ஐக் கூப்பிடணும்.)

“கதவைத் தட்டியிருக்கலாமே பாட்டி?”ன்னேன்.

“லைட்டு எரிஞ்சுதே கண்ணு.”

அன்னைக்கு ராத்திரி போர்டைக் கழட்டி அலமாரில போட்டேன். ரெண்டு வாரம் தொடல. அம்மா ஒண்ணும் சொல்லல. அவங்க ஒண்ணும் சொல்லாததுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

அதுக்கப்புறம் யோசிச்சேன். என் கோட்ல பிழை இல்ல. ‘அணை’ன்னு செய்தி வந்தாத்தான் அணையணும்னு நினைச்ச நினைப்புலதான் பிழை. அந்தச் செய்தி வராமப் போறதுக்கு ஆயிரம் வழி இருக்கு. லேப்டாப் தூங்கிடலாம், ஸ்க்ரிப்ட் நின்னுடலாம், ரூட்டர் செத்துடலாம்.

இதுக்கு விடை 150 வருஷமா தண்டவாளத்துல இருக்கு. 1872-ல வில்லியம் ராபின்சன்னு ஒரு அமெரிக்கர் டிராக் சர்க்யூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். தண்டவாளத்தோட ஒரு முனையில பேட்டரி, மறு முனையில ரிலே. தண்டவாளம் வழியா கரண்ட் விடாம ஓடிட்டே இருக்கும். ஓடற வரைக்கும்தான் ‘பாதை காலி’ன்னு சிக்னல் காட்டும். ரயில் வந்தா அதோட சக்கரமும் அச்சும் கரண்டைக் குறுக்கு வழியில திருப்பிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். அழகு என்னன்னா, பேட்டரி செத்தாலும் ரிலே விழும், ஒயர் அறுந்தாலும் விழும், தண்டவாளமே உடைஞ்சாலும் விழும். எது கெட்டாலும் சிவப்பு. ‘காலி’ங்கறதை நொடிக்கு நொடி நிரூபிக்கணும், இல்லன்னா நம்பாதே.

என் வாசலுக்கு இது தலைகீழா வேணும். இங்க ஆபத்து சிவப்பு அணையறதுல இல்ல, எரியறதுல. அணைஞ்சுட்டா மிஞ்சிப் போனா யாராவது மீட்டிங் நடுவுல உள்ள வருவாங்க. எரிஞ்சுட்டே இருந்தா என்ன ஆகும்னு பாத்தாச்சு. அதனால ‘பிஸி’ங்கறதைத்தான் நொடிக்கு நொடி நிரூபிக்கணும்.

மாத்தினது இவ்வளவுதான். லேப்டாப் இப்போ ‘அணை’ன்னு சொல்றதே இல்ல. மைக் பிடிபட்டிருக்கற வரைக்கும் 30 நொடிக்கு ஒரு தடவை ‘பேசிட்டிருக்கா’ன்னு ஒரு செய்தி. எங்க வீட்டுல இதுக்குப் பேரு லப்டப். போர்டு கடைசி லப்டப் கேட்ட நேரத்தைக் குறிச்சு வச்சுக்கும். 90 நொடி தாண்டியும் அடுத்தது வரலன்னா, காரணம் எதுவா இருந்தாலும் தானே அணைஞ்சுடும். ஒண்ணு ரெண்டு செய்தி வழியில தொலைஞ்சா சமாளிக்கத்தான் 30-க்கு 90. கோட்ல இது நாலு வரி.

இன்னொரு ஓட்டையும் இருந்துச்சு. டபிள்யூஎஸ்2812பி எல்.இ.டி.க்கு மறதியே கிடையாது. கடைசியா சொன்ன நிறத்தை, பவர் இருக்கற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்கும். நோட்எம்சியு ஹேங் ஆகித் தானே ரீசெட் ஆனாலும் லைட்டு பாட்டுக்குச் சிவப்பா எரியும். அதனால போர்டு விழிச்ச உடனே பண்ற முதல் வேலை, வை-ஃபையைத் தேடறதுக்கும் முன்னாடி, எல்லா எல்.இ.டி.யையும் அணைக்கறது.

ஃப்ரீ-யா இருந்தா பச்சை எரியலாமேன்னு நிறைய பேர் கேட்டாங்க. வேணாம். எங்க சித்தப்பாவுக்குச் சிவப்பு-பச்சை வித்தியாசம் சரியாத் தெரியாது. அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான். எரிஞ்சா பிஸி, இருட்டா இருந்தா வரலாம். கெட்டுப்போனாலும் இருட்டு, அப்பவும் வரலாம்.

ஆபீஸ் லேப்டாப்ல ஸ்க்ரிப்ட் ஓட்ட விட மாட்டாங்கன்னா, போர்டுலயே ஒரு பட்டன் வச்சுக்கங்க. அமுக்கினா 30 நிமிஷம் எரியும், அப்புறம் தானே அணையும். மீட்டிங் நீண்டா மறுபடி அமுக்கணும். கொஞ்சம் எரிச்சலாத்தான் இருக்கும். இருக்கட்டும்.

கடைசியா சேர்த்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வெளிப்பக்கம், பாட்டி சேர்ல உக்காந்தபடியே எட்டற உயரத்துல ஒரு பெல் சுவிட்ச். சாதாரண காலிங் பெல் சுவிட்ச், எலக்ட்ரிக்கல் கடையில கிடைக்கறது, மேல குட்டியா மணி படம் போட்டிருக்கும். பாட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்ல. ஒரு ஒயர் நோட்எம்சியு-வோட ஒரு பின்னுக்கு, இன்னொண்ணு கிரவுண்டுக்கு. இது 3.3 வோல்ட் வேலை, வீட்டு 230 வோல்ட் லைனை அந்த டப்பா பக்கமே கொண்டுவராதீங்க. அமுக்கினா என் மானிட்டர் பின்னாடி இருக்கற மூணு எல்.இ.டி. பளிச் பளிச்சுன்னு வெள்ளையா அடிக்கும். சத்தம் இல்ல, அதனால மைக்ல விழாது. இதுக்கு மட்டும் வை-ஃபை தேவையில்ல, போர்டுல இருந்து ஒயர் நேரா மேஜைக்கு வருது. ரூட்டர் செத்தாலும் பெல் அடிக்கும். சுகர் மெஷினும் குளுக்கோஸ் டப்பாவும் இப்போ ஹால்ல.

நீங்க செஞ்சா, மாட்டின அன்னைக்கே கால்ல இருக்கும்போது ரூட்டரைப் பிடுங்கிட்டு 90 எண்ணுங்க. அப்புறம் லேப்டாப் மூடியைச் சாத்திட்டு 90. ரெண்டு தடவையும் அணையணும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருக்கு, அதையும் சொல்லிடறேன். போன வாரம் ரூட்டர் மறுபடி படுத்துச்சு. ஹாட்ஸ்பாட்ல கிளையன்ட்டோட பேசிட்டிருந்தேன், லப்டப் போகல, போர்டு அணைஞ்சுது. ரெண்டாவது நிமிஷம் கதவு திறந்துச்சு. தட்டுல முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, கூட வெங்காயச் சட்னி. கேமரா ஆன்ல இருக்கு. கையைக் காட்டினேன், பாட்டி கண்டுக்கல. “முடிஞ்சுதுன்னு லைட்டு சொல்லிடுச்சு, சூடா சாப்பிடு”ன்னுட்டு கீபோர்டு மேலயே தட்டை வச்சுட்டுப் போயிட்டாங்க. கிளையன்ட் திருநெல்வேலிக்காரர். அதுக்கப்புறம் கால் இருபது நிமிஷம் ஓடுச்சு, அதுல பாதி கீரையைப் பத்தி.